விடுப்பில் போகாத கைகள்

பல் டாக்டர் வீட்டில் வேலை பார்த்த அக்கா, ஊருக்குப் போகும்போதெல்லாம் தன் இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு கழற்றிச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வந்ததும் எடுத்து மாட்டிக்கொள்வாள். அந்தத் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். வெங்காயம் விலை ஏறியது, மூலைக்கடைக்காரர் தராசை மாற்றினார் என்று சொல்வது போல இதையும் ஒரு செய்தியாகச் சொல்வார்கள். புதிதாகக் குடிவந்தவர் யாராவது வாயைப் பிளந்தால், "ஏங்க, அவ உங்க கையையா கழட்டினா?" என்று கேட்டு வாயை மூட வைத்துவிடுவார்கள். ரத்தம் வந்ததா, வலித்ததா என்று கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: ரத்தம் வரவில்லை. இறுக்கமான கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றுவது போலத்தான். வலி வேறு இடத்தில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டாக்டர் வீட்டில் கீழே பல் பார்க்கும் அறை, மாடியில் குடித்தனம். அந்த வீட்டம்மாவுக்குப் பேய் பயம் கிடையாது, திருடன் பயம் கிடையாது, வேலையாட்கள் போய்விடுவார்களே என்கிற பயம் ஒன்றுதான். விடுப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே வாசல் கதவைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். காரணம் இல்லாமல் இல்லை. ஒருத்தி தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று போனாள், அப்படியே போனவள்தான். இன்னொருத்தி நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போய், கடை வாசலில் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டாள். அதிலிருந்து வீட்டம்மா ஒரு வழக்கம் வைத்தாள். ஊருக்குப் போகிறவர்கள் எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து வந்தவள் பூட்டிய டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். ஒரு வருஷம் காத்திருந்து பூட்டை உடைத்தால் உள்ளே செங்கல். அதுவும் இந்த வீட்டுப் பின்பக்கச் சுவரிலிருந்து பெயர்த்த செங்கல். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டம்மா சிரிக்கவில்லை. அந்தச் சுவர் ஓட்டையைப் பார்க்கும்போதெல்லாம் தன்னையே யாரோ பெயர்த்துக்கொண்டு போனது போல இருக்கும் அவளுக்கு.

அதற்கப்புறம் வந்தவள்தான் அக்கா. அந்த வீட்டு டிரைவர் அப்படிக் கூப்பிட்டான், பிறகு பால்காரர், கடைசியில் எல்லோரும். வீட்டம்மா மட்டும் "இவளே" என்பாள். அக்காவின் புருஷன் இளவயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய ஒரு பெண் குழந்தை. அதைத் தன் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரே ஒரு வருஷம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அவள் கை பட்டால் ரொட்டி மாவு உப்பும், கறை போகும், வாடின செடி நிமிரும். டாக்டர் வீட்டுப் பிள்ளை, சின்னவன், அப்போது கைக்குழந்தை. பிறந்ததிலிருந்து நோஞ்சான். யார் தூக்கினாலும் அலறுவான். அக்காவின் ஆள்காட்டி விரலைக் கொடுத்தால் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு தூங்குவான். தன் பெண் பிடித்துக்கொண்டு நடை பழகியதும் அதே விரல்தான் என்பதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை.

முதல் முறை ஊருக்குப் போகிற அன்று வீட்டம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அக்கா தன் பையைக் காட்டினாள். "பையில என்ன இருக்கு, செங்கலா?" என்றாள் வீட்டம்மா. சால்வையைக் காட்டினாள். "இதுல பாதி ஓட்டை. இதுக்காகவா திரும்பி வருவ?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அக்காவின் கைகளைச் சின்னவன் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறான். விரலைப் பிரித்தால் முகம் நீலமாகிற அளவுக்கு அழுகிறான். அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி, மெதுவாக மணிக்கட்டை உருவினாள். கைகள் இரண்டும் சின்னவனிடம் தங்கிவிட்டன. ஒன்று அவன் பிடியில் இருந்தது, இன்னொன்று அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தது. அழுகை நின்றது. வீட்டம்மா அதைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை, ஆனால் பயந்தவள். பயந்தவர்களுக்கு ஒன்று கிடைத்தால் திருப்பிக் கொடுக்கத் தோன்றாது. "சரி இவளே, இது போதும். பத்திரமா போயிட்டு வா," என்று வழிவிட்டாள். ஒரு தடவைக்கென்று செய்ததுதான், அந்த வீட்டின் சட்டமாகிவிட்டது.

காரில் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்ட டிரைவர் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "கைய வீசிட்டு ஊருக்குப் போறவங்கள பாத்திருக்கேன்க்கா. நீ அதையும் மிச்சம் பிடிச்சிட்ட," என்றான். அக்கா சிரித்தாள். பையை அவன்தான் தோளில் மாட்டிவிட்டான், டிக்கெட்டையும் அதன் ஓரத்தில் செருகிவிட்டான். நீயும் எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று வீட்டம்மா இவனிடமும் ஒருமுறை கேட்டிருக்கிறாள். "எங்க மாமியாரைக் கொண்டாந்து விடட்டுமாம்மா? எத்தன வருஷம் வேணாலும் வச்சிக்குங்க, திரும்பக் கேக்க மாட்டேன்," என்றானாம். அவனிடம் அப்புறம் யாரும் கேட்கவில்லை.

ஊரில் பெண் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. "தூக்கும்மா" என்றது. அக்கா உட்கார்ந்து, முழங்கைகளுக்கு நடுவே அதைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "கை எங்கம்மா?" "வேலையில இருக்குடி." பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் சீக்கிரம் புரிந்துவிடும், பெரியவர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கும். தங்கை அக்காவுக்கும் ஊட்டினாள், அந்தப் பெண்ணுக்கும் ஊட்டினாள். ஒரு வாய் இங்கே, ஒரு வாய் அங்கே. சாப்பிட்டு முடித்ததும் பெண் சீப்பை எடுத்து வந்து அம்மா மடியில் வைத்து, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகு தானே எழுந்து சீப்பைச் சித்தியிடம் கொண்டுபோனது.

அங்கே டாக்டர் வீட்டில் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. கைகள் காய் நறுக்கின, மாவு பிசைந்தன, துணி அலசின, சாயங்காலம் சின்னவனைத் தட்டித் தூங்கவைத்தன. டாக்டர் குனிந்து பார்த்து நகமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். "பல்லு சம்பந்தமா இருந்தா ஏதாவது சொல்லியிருப்பேன்," என்றபடி கீழே இறங்கிப்போனார். வீட்டம்மா அந்தக் கைகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினாள். வேலை முடிந்ததும் தானே கிரீம் தடவிவிடுவாள், மெத்தென்ற துணி விரித்துப் படுக்க வைப்பாள், குளிர்காலத்தில் தன் கம்பளிக் கையுறையை மாட்டிவிடுவாள். அக்கா திரும்பி வந்ததும் நல்ல சாப்பாடும் புதுத் துணியும் கொடுப்பாள். வேலையாட்கள் நிலைப்பதற்கு என்ன வழி என்று தெருவில் மற்றப் பெண்கள் கேட்டால், "நம்ம வீட்டு மனுஷங்களா நடத்தணும், அவ்வளவுதான்," என்பாள். அவள் அதை உண்மையாகவே நம்பினாள்.

வழக்கம் தெருவெங்கும் பரவியது. மூன்றாவது வீட்டுக் காவல்காரர் தன் தூக்கத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு ஊருக்குப் போனார், அங்கே விடிய விடியக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எதிர்வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பெண் தன் குரலை வைத்துவிட்டுப் போனாள். அது தொட்டிலுக்கு மேலே பாடிக்கொண்டிருந்தது. அவள் ஊரில் சைகை காட்டிப் பேசுவதைப் பார்த்த அவளுடைய அம்மா, பெரிய வீட்டில் இருந்து மகளுக்குத் திமிர் ஏறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி அழுதாள். அந்தத் தெருவிலிருந்து ஆட்கள் வேலையை விட்டுப் போவது அநேகமாக நின்றுபோயிற்று. மற்றத் தெருக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள்.

ஒரு வருஷம் என்று வந்தது, சின்னவன் பள்ளிக்கூடம் போகட்டும் என்று ஆயிற்று, பிறகு அவன் உடம்பு தேறட்டும் என்று ஆயிற்று. அவன் ஷூ கயிறு கட்டப் பழகியது அந்தக் கைகளைப் பார்த்து, பென்சில் பிடித்தது அந்தக் கைகளுக்குள். இதற்கு நடுவே ஒரு மழைக்காலத்தில், பெண்ணுக்குக் கடுமையான காய்ச்சல் என்று தங்கை போன் செய்தாள். அக்கா கைகளை வைத்துவிட்டு ஓடினாள். அந்த நேரத்திலும் வைத்துவிட்டுத்தான் ஓடினாள், அவ்வளவு பழகியிருந்தது. பெண் அனலாய்க் கிடந்தது. கண்ணைத் திறக்காமலே "நெத்தியில கைய வைம்மா," என்றது. துணியை நனைக்கலாம், பிழிய முடியவில்லை. அக்கா தன் கன்னத்தை அதன் நெற்றிமேல் வைத்து, சூடு இறங்கும்வரை அப்படியே குனிந்திருந்தாள். வலி எங்கே இருந்தது என்று முன்னே சொல்லாமல் விட்டேனே, அது இங்கேதான் இருந்தது.

திரும்பி வந்ததும், "அம்மா, இனிமே நான் கையோட போறேன்," என்றாள். வீட்டம்மா சண்டை போடவில்லை. சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "நீயும் போயிட்டா நான் என்ன இவளே பண்ணுவேன்? இந்த வீட்ல எனக்குன்னு யாரு இருக்கா?" அது நாடகம் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அக்கா உதறிவிட்டுப் போயிருப்பாள். அவள் வீட்டம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். எந்தக் கையால் துடைத்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காலம் போகப் போகக் கைகளுக்கும் அக்காவுக்கும் நடுவே ஒரு விலகல் வந்தது. முன்பெல்லாம் வைத்ததும் பொருந்திக்கொள்ளும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து, மெல்லத் திருகி மாட்டவேண்டியிருந்தது. மாட்டின பிறகும் அவை பாட்டுக்கு வேலை செய்தன, அக்கா அவற்றின் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் கடைவீதியில் மகளுக்கென்று ஒரு ரிப்பனை எடுத்தாள். விரல்கள் மடங்கவில்லை, ரிப்பன் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. டாக்டர் வீட்டுக்கு வாங்கின பூசணிக்காயை மட்டும் அதே விரல்கள் கெட்டியாகப் பிடித்திருந்தன. "என்னக்கா, கை வரலியா?" என்று கேட்ட கடைக்காரர், ரிப்பனைத் தானே சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டார். அக்கா அன்று ஏதோ புரிந்தவளாக, ரொம்பச் சுற்றி வீட்டுக்கு வந்தாள்.

மகளுக்குக் கல்யாணம் ஆனது. அக்கா கைகள் இல்லாமலே போய் நின்றுவிட்டு வந்தாள். கிளம்பும்போது மகள் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. எனக்குக் கொழந்த பொறக்கும்போது மட்டும் கையோட வா," என்றாள். "வர்றேன்." "சும்மா சொல்லாத." "வர்றேன்டி, சத்தியமா." அதிலிருந்து அக்காவுக்கு அது ஒன்றுதான் நினைப்பு. வீட்டம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அந்தத் தடவை கையோடு போவேன், போனால் திரும்ப மாட்டேன். வீட்டம்மா கிரீம் டப்பாவைத் தேடிக்கொண்டு உள்ளே போனாள்.

பதிலைக் காலம் சொல்லிற்று. டாக்டர் காலமானார். கீழே அவர் பல் பார்த்த சாய்வு நாற்காலியை யாரோ விலை பேசிக் கொண்டுபோனார்கள். சின்னவன் வளர்ந்து, நோஞ்சான் என்று சொன்னால் யாரும் நம்பாத ஆளாகி, கடல் தாண்டி ஒரு தேசத்துக்கு வேலைக்குப் போனான். வாசலில் வீட்டம்மா, "எதையாவது வச்சிட்டுப் போடா," என்றாள். அவன் சிரித்து, அவளைக் கட்டிப்பிடித்து, "போன் பண்றேன்மா," என்று கிளம்பிவிட்டான். அக்காவின் விரலை ஒருமுறை பிடித்துப் பார்த்தான், தானாகவே விட்டுவிட்டான். வீட்டம்மா மேலே போய் அவன் அறை முழுக்கத் தேடினாள். ஒரு சீப்புகூட இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவளாகவே சமையலறைக்கு வந்து, "உன் பொண்ணு முழுகாம இருந்தா சொல்லு இவளே, நான் தடுக்க மாட்டேன்," என்றாள்.

மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது என்று போன் வந்த காலை, அக்கா குளித்து, தலை வாரி, கைகளோடு மாடிப்படி இறங்கினாள். பழைய டிரைவர் இப்போது சொந்தமாக டாக்சி ஓட்டுகிறவன், நரைத்துப்போய் வாசலில் காத்திருந்தான். வீட்டம்மா கேட்டைத் திறந்து பிடித்தாள். அக்கா ஒரு கால் வெளியே வைத்தாள். இரண்டு கைகளும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டன. அக்கா இழுத்தாள். வரவில்லை. டிரைவர் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தான், ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொண்டது. வீட்டம்மா சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள், எண்ணெய் ஊற்றினாள், கடைசியில் விரல்களின் மேல் முகத்தை வைத்துக் கெஞ்சினாள். "விடுங்கடி," என்றாள் அக்கா தன் கைகளைப் பார்த்து. "எம்பொண்ணுடி. ஒரே ஒரு தடவடி." கைகள் கேட்கவில்லை. கடைவீதிக்கும் மாவு மில்லுக்கும் அந்த வீட்டுப் பையோடு போயிருக்கின்றன. வேலைக்கு வந்த அன்றைக்குப் பிறகு பஸ் நிலையத்துக்குப் போகிற சாலையை அவை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தச் சாலையின் கோடியில் ஒரு பெண் இருக்கிறாள் என்பது அவற்றுக்கு எப்படி நினைவிருக்கும்?

"நான் பிடிச்சு வைக்கல இவளே, சத்தியமா நான் இல்ல," என்றாள் வீட்டம்மா.

"தெரியும்மா," என்றாள் அக்கா. அழவில்லை. முதல் நாள் போலவே மணிக்கட்டை மெதுவாக உருவிக்கொண்டாள். கைகள் கேட்டில் தொங்கின. அவள் வாசலில் இறங்கியபோது, பின்னாலிருந்து, "நில்லு," என்று குரல் வந்தது. வீட்டம்மா படியில் உட்கார்ந்து, தன் இடது கையை முழங்கால்களுக்கு நடுவே வைத்து இழுத்துக்கொண்டிருந்தாள். பழக்கமில்லாதவள், கொஞ்சம் கஷ்டப்பட்டாள். பிறகு வலது. வெளுத்து, சின்னதாக, மோதிரம் இறுகிய விரலோடு இரண்டு கைகள் அவள் மடியில் கிடந்தன. "இது ஒரு பாத்திரம் கழுவினதில்ல. ஒரு பிள்ளையக் குளிப்பாட்டினதில்ல. கெடச்சத விடாமப் பிடிச்சுக்க மட்டும் தெரியும். கொண்டு போ."

"உங்களுக்கும்மா?"

"அதான் அங்க ரெண்டு தொங்குதே," என்று தலையால் கேட்டைக் காட்டினாள்.

டிரைவர் எடுத்துக் கொடுக்க, அக்கா மாட்டிக்கொண்டாள். சுற்றளவு கொஞ்சம் சிறிசு, ஆனாலும் நின்றது. "மோதிரம் எல்லாம் போட்டுட்டு பஸ்ல போற, பாத்து உக்காருக்கா," என்றான் டிரைவர், டாக்சிக் கதவைத் திறந்துவிட்டு. டாக்சி திரும்பி மறைந்ததும் கேட்டில் இருந்த கைகள் பிடியைத் தளர்த்திக்கொண்டன. அன்று முதல் வீட்டம்மாவிடம்தான் இருக்கின்றன. தெருவில் அவளைப் பார்க்கிறவர்கள் சொல்வார்கள், இந்த வயதில் இவ்வளவு அழகாகப் பின்னிய தலை அந்தத் தெருவிலேயே வேறு யாருக்கும் கிடையாது என்று. வேலைக்கு அவள் மறுபடி ஆள் வைக்கவில்லை.

அக்கா ஊர் போய்ச் சேர்ந்தபோது பேரக்குழந்தை பிறந்துவிட்டிருந்தது. கட்டிலில் கிடந்த மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் கைகளைத்தான் பார்த்தாள். தொட்டாள், புரட்டினாள், மோதிரத்தைத் தடவினாள். "இது உன்னுது இல்லையேம்மா." "இல்லடி." "யாரோடது?" "வீட்டம்மாவோடது." "அப்ப உன்னுது?" "அங்க இருக்கு. வேலையில." மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தங்கை விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போனாள். ரொம்ப நேரத்துக்குப் பிறகு மகள் எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கடியிலிருந்து சீப்பை எடுத்துக் கொடுத்து, முதுகைக் காட்டினாள். அந்தக் கைகளுக்குப் பின்னத் தெரியவில்லை. முடியைப் பிரித்த மூன்று கால்களில் ஒன்று எப்போதும் நழுவிற்று. பின்னல் கோணிக்கொண்டு இறங்கி நடுவிலேயே அவிழ்ந்தது. "கேவலமா இருக்காடி?" "கேவலமாத்தான் இருக்கு," என்று மகள் சிரிக்கப் போய், சிரிப்பு உடைந்து, அப்படியே பின்னால் சாய்ந்தாள். அக்கா அந்த அந்நியக் கையை அவள் நெற்றியில் வைத்தாள். காய்ச்சல் இல்லாத நெற்றி. வேண்டிய காலத்தில் வைக்காத கை, இப்போது வைத்தது, அதுவும் இன்னொருத்தி கை. மகள் அதை எடுத்துவிடச் சொல்லவில்லை.

கைகள் மெல்ல மெல்லப் பழகின. துணி மடிக்கக் கற்றுக்கொண்டன, பாத்திரம் விளக்கும்போது மட்டும் இன்றைக்கும் சுணங்கும். குழந்தையைத் தூக்குவதற்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்கு வந்த அன்றைக்கே அவளிடம் கொடுத்தபோது அந்தச் சின்னக் கைகள் அதை அப்படி அணைத்துக்கொண்டன, மார்பிலிருந்து ஒரு விரற்கடை விலகவிடவில்லை. குழந்தை மோதிர விரலைப் பற்றிக்கொண்டு தூங்கிப்போயிற்று. வெகுநேரம் கழித்து அக்காவுக்குத் தாகமாக இருந்தது. எழுந்திருக்க நினைத்தவள், பழக்க தோஷத்தில், மணிக்கட்டை மெதுவாக உருவத் தொடங்கினாள். பாதியில் நின்றாள். எந்தப் பஸ்ஸும் காத்திருக்கவில்லை. யாரும் வாசலை மறித்துக்கொண்டு நிற்கவில்லை. உருவினதை மறுபடி உள்ளே தள்ளிப் பொருத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, குழந்தை தானாக விழித்து விரலை விடுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.